வாபஸ் வாங்கும் நேரம்

கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்காருங்கள், நான் வந்து சொல்கிறவரை திறக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதும் சீனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு வருஷம் சட்டசபையில் அவளை உட்கார வைத்திருந்தபோது கட்சி சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். என்ன, கட்சி மருந்து விடாமலேயே சொன்னது. இங்கே இரண்டு கண்ணிலும் விட்டிருக்கிறார்கள், சுரீரென்று எரிகிறது, கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குள் ஒரு கசப்பு இறங்குகிறது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எந்த வழியாக வந்ததோ. சர்க்கரை கண் நரம்பைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், கண்மணி நன்றாக விரிந்தால்தான் டாக்டருக்கு உள்ளே தெரியுமாம். விரியட்டும். உள்ளே பார்த்து என்ன சொல்லப் போகிறார், தொட்டிருக்கிறது என்பார், அல்லது தொடவில்லை என்பார், தொட்டிருந்தால் பார்வை போகப் போக மங்கும் என்பார். அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு படி இறங்கியது. அதை அங்கேயே நிறுத்தினாள். இன்றைக்கு அதற்கு நேரம் இல்லை, இன்றைக்கு வேறு பயம் இருக்கிறது. இன்று வேட்புமனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள், மதியம் மூன்று மணி வரை. மூன்று மணி தாண்டிவிட்டால் வெள்ளக்கரை தொகுதியில் சீனியம்மாள் சுயேச்சை வேட்பாளர், அதை அவளாலேயே மாற்ற முடியாது. அதற்குள் யாராவது வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அவள் வெறும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், சாகிறவரைக்கும் முன்னாள். தேர்தல் அதிகாரியின் ஆபீஸ் இந்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. கார் கூட வேண்டாம், நடந்தே போய்விடலாம். போன் பைக்குள் அணைந்து கிடக்கிறது, பை மடியில் இருக்கிறது, பையின் மேல் இரண்டு கையும் இருக்கின்றன.

ஒளிய வந்தாள் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒளிய வரவில்லை. இந்தத் தேதி ஒரு மாசத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் சீட்டில் எழுதிக் கொடுத்த தேதி, அப்போது தேர்தலே அறிவிக்கவில்லை. இதை யார் கேட்டாலும் சொல்லலாம், சீட்டைக் காட்டலாம். ஆனால் தேதியை மாற்றிக் கேட்டிருக்கலாமே என்று யாராவது திருப்பிக் கேட்டால்? கேட்டிருக்கலாம்தான். போன் போட்டால் அடுத்த வாரத்துக்கு மாற்றித் தருகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரி இரண்டு தடவை மாற்றினாள். சீனியம்மாள் ஏன் மாற்றவில்லை? சர்க்கரை காத்திருக்குமா, கண் விஷயம் அல்லவா. அதுவும் சரிதான். ஆனாலும் காலையில் சேலை கட்டும்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, இன்றைக்குக் கண்ணில் மருந்து விட்டுவிடுவார்கள், எவன் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் கண்ணு தெரியலப்பா என்று சொல்லிவிடலாம் என்று. அந்தச் சந்தோஷம் அவளுக்குப் பிடிக்கவில்லை. எங்கோ பழகிய சந்தோஷம் அது, முன்பு ஒரு தடவை அனுபவித்தது. எப்போது என்று தேடிப் போகாமல் தலைக்கு மேலே சுற்றிய ஃபேனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒரு முறை கீச்சென்றது. எண்ணெய் விட ஆளில்லை போலிருக்கிறது. எம்.எல்.ஏ.வாக இருந்தபோது வந்திருந்தால் நாற்காலி போட்டு, ஃபேனுக்கு எண்ணெய் விட்டு, டாக்டரே வெளியே வந்திருப்பார். இப்போது பெஞ்ச். பெஞ்சும் நன்றாகத்தான் இருக்கிறது, நாற்காலியைப் போல யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள்.

நாற்காலி அவள் கேட்டு வந்ததில்லை. வெள்ளக்கரை சந்தையில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தவள் அவள். புருஷன் சோலையப்பன் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டி, வழக்கு வாங்கி, ஒன்றியத்தைப் பிடித்து, கடைசியில் சீட்டும் வாங்கி ஜெயித்து, ஜெயித்த வருஷமே மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மாவட்டம், அதாவது கட்சியின் மாவட்டச் செயலாளர், வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டது. அனுதாப ஓட்டு விழும், மதினி நின்னா போதும், மத்ததை நாங்க பார்த்துக்கிறோம் என்று கொழுந்தன் வீரணன்தான் அவள் காலடியில் உட்கார்ந்து சொன்னான். வெள்ளைச் சேலை கட்டச் சொன்னார்கள், கட்டினாள். ஜீப்பில் ஏறி நின்று அழச் சொன்னார்கள், அதற்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஜெயித்தாள். அதன்பிறகு வீரணனின் விரல்தான் எம்.எல்.ஏ. எந்தத் தாளாக இருந்தாலும் அவன் கொண்டுவந்து மேசையில் வைப்பான், கீழே ஒரு இடத்தில் ஆள்காட்டி விரலை ஊன்றுவான், அவள் அந்த விரலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவாள். பாக்குப் போட்டுச் சிவந்த நகம். நாலு வருஷத்தில் அவள் தாளைப் பார்த்ததைவிட அந்த நகத்தைப் பார்த்ததுதான் அதிகம். அவன் கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவள் கல்யாணமாகி வந்தபோது அரை டவுசர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளை, அவள் கையால் சோறு தின்றவன், அண்ணன் செத்தபோது மண்ணில் புரண்டு அழுதவன். கெட்டவனாக இருந்திருந்தால் அந்த விரலை என்றைக்கோ தட்டிவிட்டிருப்பாள். பாசத்தோடு காட்டுகிற விரலை எப்படித் தட்டுவது? நர்ஸ் வந்து இமையை விரலால் விலக்கி இரண்டாவது சொட்டு விட்டுவிட்டுப் போய்விட்டாள். இந்த விரல் கேட்டுக்கொண்டு தொட்டது, கொஞ்சம் மேலே பாருங்கம்மா என்று.

பேரவைத் தலைவர் அவர்களே. அந்த ஹாலில் எவ்வளவு குளிர். மானியக் கோரிக்கை விவாதத்தில் அவள் பெயர் வந்திருந்தது, முதல் தடவையாகப் பேச நேரம் கொடுத்திருந்தார்கள். வீரணன் எழுதிக் கொடுத்திருந்தான், கொட்டை எழுத்தில், வெள்ளைத் தாளில். முதல் இரண்டு பக்கம் கட்சித் தலைவரை வணங்கி, தலைவரைப் போற்றி, தலைவர் இல்லாவிட்டால் இந்தச் சீனியம்மாள் யார், வெங்காயம் விற்றவள் அல்லவா என்று உருகி, கடைசியில் நாலே வரியில் தொகுதிக் கோரிக்கை. எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். வணங்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும், கோரிக்கையை எழுத்தில் கொடுத்துவிட்டு உட்காருவார்கள், யாருக்கும் அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. சீனியம்மாள் எழுந்தாள். தாளைப் பார்த்தாள். எழுத்து தெரியவில்லை, கண்ணாடியை எம்.எல்.ஏ. விடுதியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள், அதனால்தான் வணக்கம் எல்லாம் விட்டுப்போய்விட்டது. அப்படித்தான் நடந்தது, அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னது. பைக்குள் கையை விட்டுத் தேடினாள், அது நினைவிருக்கிறது. பிறகு கையை வெளியே எடுத்தாள். பிறகு பேசினாள். எங்கள் ஊர் சந்தையில் நூற்றுக்கணக்கான பொம்பளைகள் விடிவதற்கு முன்னால் வந்து உட்காருகிறார்கள், இருட்டுகிறவரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை, தாகம் இல்லாமல் இல்லை, குடித்தால் போக இடம் இல்லை, நானும் அங்கே பதினைந்து வருஷம் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்தவள்தான், எனக்கு அங்கே பொம்பளைகளுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். யாரோ பின்னால் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் ஒரு நாள் அப்படி உட்கார்ந்து பாருங்கள் என்று அவள் மந்திரிகளின் வரிசையைப் பார்த்துச் சொன்னதாகப் பின்னால் சொன்னார்கள், அவளுக்கு அது நினைவில் இல்லை. நினைவில் இருப்பதெல்லாம் மணி அடித்தபோது கோரிக்கை முழுவதையும் சொல்லி முடித்திருந்தாள் என்பதும், தலைவரின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதும்தான். உட்கார்ந்தபோது பக்கத்து சீட்டுக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீரணன் நடுங்கிப்போய் வந்தான். என்ன மதினி இப்படிப் பண்ணிட்டீக, மேலே கொந்தளிக்கிறார்கள், எம்.எல்.ஏ. பதவி இருக்கிறபோதே கட்சியில் இருந்து தூக்கிவிடுவார்கள் என்றான். அவள் பயந்தாள். கண்ணாடியை மறந்துட்டேன் தம்பி, எழுத்தே தெரியல என்றாள். அவன் முகத்தில் உயிர் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஓடினான். படிக்காத பொம்பளை, கண்ணு சரியில்லை, கண்ணாடியை மறந்துவிட்டது, பதற்றத்தில் உளறிவிட்டது என்று மாவட்டத்திடம் சொன்னான், மாவட்டம் மேலே சொன்னது, மேலே சிரித்தார்கள், விஷயம் முடிந்தது. அடுத்த நாள் லாபியில் ஒரு மந்திரி அவளை நிறுத்தி, ஏம்மா, கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டி கழுத்துல மாட்டிக்கக் கூடாதா என்று கேட்டார். கூட இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான், அந்தத் தப்பித்துவிட்ட சந்தோஷம்தான், இன்று காலை சேலை கட்டும்போது வந்தது. கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்ததும் அதை விட்டு வேறு பக்கம் போகப் பார்த்தாள். ஆனால் கண்ணை மூடியிருந்தால் எந்தப் பக்கம் போவது, எல்லாப் பக்கமும் அதே இருட்டு, இருட்டுக்குள் அந்தப் பை, பைக்குள் போன கை.

கழிப்பறை வந்தது, அதைச் சொல்ல வேண்டும். கோரிக்கை சபைக் குறிப்பில் ஏறிவிட்டதால் எவனோ ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டான், கட்டி முடித்தார்கள், ஓடு பதித்து, தண்ணீர்த் தொட்டி வைத்து, மேலே தலைவர் படம் போட்டு. பூட்டுப் போட்டு வைத்தார்கள், திறப்பு விழாவுக்கு மந்திரி தேதி கொடுக்க வேண்டும். மந்திரி தேதி கொடுக்கவில்லை, கொடுக்கவேயில்லை, மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தது, பொம்பளைகள் அந்தக் கட்டடத்தின் நிழலில் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சந்தை நாளில் சீனியம்மாள் போய் இரும்புக் கடையில் சுத்தியல் வாங்கிப் பூட்டை உடைத்தாள். கீரை விற்கிற முத்திருளாயியைக் கூப்பிட்டு நீ முதலில் போடி என்றாள். அதுதான் திறப்பு விழா. முத்திருளாயி வெளியே வந்து, மகராசியா இருப்ப என்று சொல்லி ஒரு கட்டு தண்டுக்கீரையை அவள் கையில் திணித்தாள். சீனியம்மாளுக்குப் போர்த்திய சால்வைகள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன, அந்தக் கீரையை மட்டும்தான் அன்றைக்கே ஆக்கித் தின்றாள். பூட்டை உடைத்ததற்குக் கண்ணாடியைச் சொல்ல முடியாது. அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை. அதற்கு அடுத்ததிலும், அதாவது இந்தத் தேர்தலிலும் இல்லை, ஒரு காலேஜ் முதலாளிக்குக் கொடுத்துவிட்டார்கள். அது போகட்டும். முன்னாள் என்பதற்குப் பழகிவிட்டாள், பஸ்ஸில் இலவச பாஸைக் காட்டினால் கண்டக்டர் பாஸையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பான், மேடையில் மூன்றாவது வரிசையில் உட்கார வைப்பார்கள், எல்லாம் பழகிவிட்டது. போன மாசம் வெங்காயம் வாங்கச் சந்தைக்குப் போனாள். கழிப்பறைக் கதவில் புதுப் பூட்டு. உள்ளே கட்சிக் கொடிக்கம்பமும் பந்தல் சாமானும் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றார்கள். முத்திருளாயி உதடு வெடித்து உட்கார்ந்திருந்தாள், தண்ணி குடிக்கலையா என்று கேட்டதற்குச் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுவாரம் மனுத்தாக்கல். சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றார்கள், சந்தையிலிருந்து பத்துப் பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். டெபாசிட் போகும் என்று தெரியும். போகட்டும் என்று சொல்வது சுலபம், ஓட்டு எண்ணுகிற அன்றைக்கு ஒவ்வொரு சுற்றிலும் மைக்கில் அவள் பெயரைச் சொல்லி அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண்ணைச் சொல்வார்களே, அப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற பயம் இருக்கத்தான் செய்தது.

“எந்த ஊரு, அக்கா?” என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. யாரோ ஒரு பெண், அவளுக்கும் கண்ணில் மருந்து விட்டிருந்தார்களாம், நேரம் போகவில்லை. வெள்ளக்கரை என்றாள் சீனியம்மாள். என்ன தொழில் என்று கேட்டதற்கு, ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை, வெங்காய வியாபாரம் என்று சொன்னாள். வெயிலைப் பற்றியும் மருந்துக் கசப்பைப் பற்றியும் அந்தப் பெண் பேசினாள், தண்ணீர் பாட்டிலைத் தடவி எடுத்து இவள் கையில் வைத்தாள். சீனியம்மாள் அண்ணாந்து குடித்தாள், கசப்பு போகிறவரை, பாட்டிலில் பாதியை. ஆஸ்பத்திரியில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது, வந்ததும் அவள் முதலில் பார்த்து வைத்தது அதைத்தான், எந்த ஊருக்குப் போனாலும் அதைத்தான் பார்ப்பாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தபோது பாக்கு வாசனை வந்தது. அதோடு ஜவ்வாது. கஞ்சி போட்ட வேட்டியின் சரசரப்பு நெருங்கி வந்து, பெஞ்சின் அந்தப் பக்கம் ஒரு கனம் உட்கார்ந்தது. வாசல் பக்கம் வேறு செருப்புகளும் நின்றன, மூன்று பேர் இருக்கலாம், நாலு பேராகவும் இருக்கலாம். கண் தெரியாது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால், மருந்து விட்ட கிழவியை மகன் மாதிரி ஒருவன் கைத்தாங்கலாக அழைத்துப் போகிறான் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள், வழிகூட விடுவார்கள். காரில் ஏற்றியபிறகு கத்தினால் யாருக்குக் கேட்கும்? எழுந்திருக்கக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. என்ன ஆனாலும் இந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

வீரணன் சத்தம் போடவில்லை. அவன் சத்தம் போடுகிறவன் இல்லை. காலையிலிருந்து தேடுகிறேன், கண்ணு எப்படி இருக்கு, சர்க்கரை மாத்திரை போட்டீகளா என்றெல்லாம் கேட்டான், உண்மையான கவலையோடுதான் கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தான். மேலே பேசிவிட்டானாம், கட்சி ஜெயித்து வந்ததும் அவளுக்கு ஒரு வாரியத் தலைவர் பதவி, சிவப்பு விளக்குதான் இல்லையே தவிர காரெல்லாம் உண்டு. அவள் வாபஸ் வாங்காவிட்டால் சாயங்காலத்துக்குள் அவனுடைய ஒன்றியச் செயலாளர் பதவி போய்விடும், சொந்த மதினியை அடக்கத் தெரியாதவனுக்கு எதற்குப் பதவி என்று மாவட்டம் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டது. நாளைக்கு அவளைக் கட்சியிலிருந்து நீக்கி அறிவிப்பு வரும், கட்சிக்காரர்கள் யாரும் அவளோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் இருக்கும். ஒரே வாசலில் இருக்கிறோம் மதினி, ஒரே குழாயில தண்ணி பிடிக்கிறோம், நான் எப்படி உங்ககூடத் தொடர்பு வச்சுக்காம இருக்கிறது என்று சொன்னபோது அவன் குரல் உடைந்தது. சீனியம்மாளுக்கு அவனுக்காக வருத்தமாகத்தான் இருந்தது. அந்தப் பத்துப் பொம்பளைகளிடமும் போய்ப் பார்த்தானாம், வேட்பாளர் வர முடியாவிட்டால் முன்மொழிந்தவர்களில் ஒருத்தியிடம் எழுதிக் கொடுத்தனுப்பினாலும் செல்லும், ஆனால் ஒருத்திகூட மசியவில்லையாம், கீரைக்காரி துடைப்பத்தை எடுத்துவிட்டாளாம். அதைக் கேட்டதும் வருத்தத்தின் நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதனாலே நீங்கதான் நேர்ல வரணும் என்றான். மடியில் வாபஸ் தாளை வைத்தான். பேனாவைக் கையில் கொடுத்தான்.

“கண்ணுல மருந்து விட்டுருக்காக தம்பி,” என்றாள் சீனியம்மாள். “ஒண்ணும் தெரியல. எங்கன்னு போடுறது.”

அவன் அதற்கும் தயாராக வந்திருந்தான். அதுக்கென்ன மதினி, நான் விரல் வச்சுக் காட்டுறேன் என்று சொல்லி அவள் கையைப் பிடித்து, மெதுவாக, தாளின் அடியில் தன் ஆள்காட்டி விரலின் மேல் கொண்டுபோய் வைத்தான். அந்த நகம். கண் மூடியிருந்தாலும் அவளுக்கு அதன் சிவப்பு தெரிந்தது. வேண்டுமென்றே பேசினானோ ஆறுதலாகத்தான் பேசினானோ, தொடர்ந்து சொன்னான். “அன்னைக்குச் சபையில கண்ணாடிய மறந்துட்டுப் பேசினீகளே, அத வச்சு நாந்தானே உங்களைக் காப்பாத்துனேன். இன்னைக்கும் அப்படித்தான். கண்ணு தெரியாம, எவளோ சொன்னாள்னு மனு போட்டுட்டாகன்னு சொல்லிக்கிறேன். ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டாக.” அவள் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். கையெழுத்துப் போடக் கண் எதற்கு, சீனியம்மாள் என்று இருட்டில் எழுதச் சொன்னாலும் அவள் கை எழுதும். கண்ணு தெரியல என்று இப்போது சொன்னாளே, அது எப்பேர்ப்பட்ட பொய். அதே பொய். அன்றைக்கும் கையில் பை இருந்தது, அவள் எழுந்து நின்று, தாளைப் பார்த்து, பைக்குள் கையை விட்டாள், கைக்குட்டை, அதற்குக் கீழே விடுதிச் சாவி, சாவிக்குக் கீழே சில்லென்று ஒன்று. தகரக் கூடு. கண்ணாடிக் கூடு. விரல் அதன் கொக்கியில் பட்டது, திறந்தால் போதும், போட்டுக்கொண்டால் போதும், தலைவரை வணங்கி என்று ஆரம்பித்துவிடலாம். அவள் கூட்டைத் தொட்டாள், தடவிப் பார்த்தாள், அங்கேயே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தாள். எடுத்தவள் அவள்தான். யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை. இத்தனை வருஷம், தைரியமாக ஒரே ஒரு காரியம் செய்துவிட்டு, அதைச் செய்தது நான் இல்லை, என் மறதி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள், எவனோ ஒருவன் கழுத்துக்குக் கயிறு கட்டச் சொன்னதற்குச் சிரித்திருக்கிறாள். உடம்பெல்லாம் சூடாக ஒரு ஆத்திரம் ஏறியது, வீரணன் மேல் இல்லை, மந்திரி மேலும் இல்லை. அவள் கண்ணைத் திறந்தாள். திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், திறந்தாள். எல்லாம் பாலில் விழுந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையில் கறுப்பாக ஒரு முகம் குனிந்திருந்தது.

“கண்ணாடி பையிலதான் இருந்துச்சு வீரணா,” என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. என்ன மதினி என்றான். “அன்னைக்கு. சபையில. கண்ணாடி எம் பையிலதான் இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன். எடுக்கல. நீ எழுதிக் கொடுத்தத வாசிக்கக் கூடாதுன்னுதான் எடுக்கல. மறந்துட்டேன்னு உங்கிட்ட சொன்னது பயத்துல சொன்னது. இப்ப கண்ணு தெரியலன்னு சொன்னதும் அதுதான். எனக்குக் கையெழுத்துப் போடக் கண்ணு வேணாம். போட மாட்டேன்.” ஃபேன் கீச்சென்றது. வீரணன், யாராவது கேட்கும்படி இதைச் சொல்லாதீக மதினி என்று மட்டும் சொன்னான், அன்றைக்கு நடுங்கிய அதே குரலில். எல்லாருக்கும் கேட்கும்படிதான் இனிமேல் சொல்லப் போகிறேன், சந்தையில் மைக் போட்டு முதலில் இதைத்தான் சொல்லப் போகிறேன் என்றாள். அவன் தாளை எடுக்கக் கையை நீட்டினான், எடுத்து வைத்துக்கொண்டால் மனசு மாறும்போது நீட்டலாம் அல்லவா. சீனியம்மாள் முந்திக்கொண்டாள். தாளை நாலாக மடித்தாள், லேசாக எழும்பி அதைப் பெஞ்சில் போட்டாள், அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். மதினிக்கு அடியில் கையை விட்டு எடுக்கிற கொழுந்தன் இன்னும் அந்த ஊரில் பிறக்கவில்லை. அவன் எழுந்து நின்றான். உட்கார்ந்தான். மறுபடியும் எழுந்து வாசலுக்குப் போய் அங்கே நின்றவர்களிடம் ஏதோ குசுகுசுத்துவிட்டு வந்தான்.

சுவரில் கடிகாரம் இருக்கிறது, வந்தபோது பார்த்திருந்தாள், இப்போது அது வெள்ளைக்குள் ஒரு வட்டம், முள் தெரியவில்லை. அடிவயிற்றில் கனம் சேர ஆரம்பித்திருந்தது. பாதி பாட்டில் தண்ணீர், சர்க்கரை உடம்பு வேறு, சும்மா இருக்குமா. கழிப்பறை அந்தக் கோடியில் இருக்கிறது, சுத்தமாக, பூட்டில்லாமல். ஆனால் எழுந்தால் வழிகாட்டுகிறேன் என்று நாலு கைகள் வரும், வழி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். நர்ஸ் வந்து உங்க முறை வந்திருச்சும்மா, டாக்டர் கூப்பிடுறாரு என்றாள். எனக்கு அவசரமில்லை, அடுத்த ஆளை அனுப்பும்மா, மூணு மணிக்கு மேல நான் வர்றேன் என்றாள் சீனியம்மாள். பக்கத்துப் பெண் எழுந்து போகும்போது அவள் தோளை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள். வீரணன் எதிரே வந்து நின்றான், எந்திரிங்க மதினி, எவ்வளவு நேரம்தான் இப்படியே உக்காந்திருப்பீக என்று கெஞ்சினான். அவளுக்கு அவன் மேல் பாவமாக இருந்தது. சின்ன வயதிலேயே அண்ணன் அவனைக் கட்சி ஆபீசில் கொண்டுபோய் விட்டுவிட்டார், சந்தைக்கு அவன் வந்ததே இல்லை, ஒரு பொம்பளை எவ்வளவு நேரம் உட்காருவாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும். கனம் இன்னும் கொஞ்சம் கூடியது. அவள் இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டாள், சேலை முந்தியை இழுத்து மடியில் செருகிக்கொண்டாள், எதிரே வெங்காயக் குவியல் இருந்தால் எப்படி உட்காருவாளோ அப்படி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“இருட்டுறவரைக்கும் இருப்பேன் தம்பி,” என்றாள். “மூணு மணி எல்லாம் ஒரு நேரமா.”